பச்சிளங் குழவியும் கடிகாரமும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துக்கொண்டனர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் எனத் தொடரும் அவ்வரிசை, பாட்டியல் மரபின்படி மூன்றாம் திங்களில் தொடங்கி இருபத்தோராம் திங்களில் நிறைவுறுகின்றது. குழந்தை பிறந்த முதல் இரண்டு திங்கள்களுக்கு அங்கே பாட்டில்லை. தலை நிமிர்த்தி ஆடாத, முகம் பார்த்துச் சிரிக்காத, பால் குடிப்பதும் அழுவதுமாகவே பொழுதைக் கழிக்கின்ற அந்தப் பச்சை மண்ணைப் பாட்டுடைத் தலைவனாக்கப் புலவர்கள் துணியவில்லை போலும். பெற்றவளோ அந்த இரண்டு திங்கள்களைத்தான் வாழ்நாளில் மறப்பதில்லை. ஊர் உறங்கும் வேளையில் விழித்திருந்து, ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை மார்பில் எடுத்து அணைத்து, கண்ணயர்ந்தது என்று ஏணையில் இட்டவுடன் மீண்டும் வீறிட்டழும் குழந்தையோடு போராடிய இரவுகள் அவளுடையவை.

அரசர்களின் போர்களுக்கு வரலாறு உண்டு. அந்த இரவுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைத் தேடிச் சென்றால் இலண்டன் மாநகரின் அனாதைக் குழந்தைகள் இல்லம், நியூசிலாந்தின் மனநோய் மருத்துவமனை, சிங்கப்பூரின் சாங்கிச் சிறை, நம் நாட்டு இரப்பர்த் தோட்டத்து ஆயாக்கொட்டகை எனப் பல இடங்களுக்குப் போய்வர வேண்டியிருக்கின்றது.

முதலில் இயற்கை வகுத்த முறையைத் தெரிந்துகொள்ளுதல் நலம். பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. தாய்ப்பாலில் புரதம் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கே. பசுவின் பாலிலோ மூன்று பங்குக்கு மேல். ஆகவே தாய்ப்பால் விரைவில் செரித்துவிடுகின்றது. குழந்தைக்கு விரைவில் பசிக்கின்றது. ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிப்பது புதுக் குழவிக்கு இயல்பே. மாலை வேளைகளில் இடைவிடாது தொடர்ந்து குடிக்கும் நாள்களும் உண்டு. குழந்தை எவ்வளவு குடிக்கின்றதோ அவ்வளவு பால் சுரக்கும் என்பதே தாயின் உடல் அறிந்த கணக்கு. பால் சுரப்பைத் தூண்டும் இயக்குநீர் இரவில் மிகுதியாக இருப்பதால், இரவில் ஊட்டும் பால் மறுநாளைய சுரப்புக்கும் முதலாகின்றது. உறக்கத்தின் நிலையும் இதுவே. இரவு, பகல் என்ற வேறுபாட்டைக் குழந்தையின் உடல் பிறக்கும்போதே அறிந்திருப்பதில்லை. இரண்டு, மூன்று திங்கள்கள் சென்ற பின்னரே அந்த ஒழுங்கு மெல்ல மெல்ல உருவாகின்றது. பாட்டியலார் குறித்த மூன்றாம் திங்களும் இதனை ஒட்டியே வருவது எண்ணி மகிழத்தக்கது.

இவ்வாறு இடைவிடாமல் பால் கேட்கும் குழந்தையை ஒருத்தி தனியே வளர்த்தல் அரிது. இதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்தை வெறும் சடங்காகக் கருதுதல் பிழை. அங்கே சமைப்பதற்கு ஒரு கை, குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு கை, நள்ளிரவில் ஏணையை ஆட்ட ஒரு கை எனப் பல கைகள் இருந்தன. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் பேற்று மருந்தும் சுறாப்புட்டும் தருவர். தீட்டு என்ற பெயரால் அவளை அடுப்படி வேலையிலிருந்து விலக்கியும் வைப்பர். தீட்டு என்னும் கருத்தை இன்று நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் அது அவளுக்குச் சில வார ஓய்வைத் தேடித் தந்தது என்பதை மறுப்பதற்குமில்லை.

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழ்ப் பெண்ணுக்கு அந்தத் தாய்வீடு எட்டாத தொலைவாயிற்று. இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய தொடக்கக் காலத்தில் வந்தவர்களில் ஆடவரே மிகுதி. பின்னர்ப் பெண்களின் தொகை கூடிக் குடும்பங்கள் அமைந்தன. லயத்து வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குத் துணை, அண்டை வீட்டுப் பெண்களும், கங்காணியோடு ஒரே ஊரிலிருந்து வந்த உறவினரும், வயது முதிர்ந்த மருத்துவச்சியும்தாம். அவர்களும் விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

இரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது வெயில் ஏறுமுன் உள்ள குளிர்ந்த வேளையில்தான். ஆகவே இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்க வேண்டும். இரவெல்லாம் விழித்தவளும் அந்த வரிசையில் நின்றாக வேண்டும். நில்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அவள் துணியில் சுற்றிய குழந்தையை அரையிருட்டிலேயே ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். கொட்டகையின் உத்தரத்தில் வரிசையாகத் துணி ஏணைகள் தொங்கும். வயதான ஆயா ஒருத்தி, சில இடங்களில் இருவர், அத்தனை ஏணைகளையும் ஆட்டுவர். மரங்களைச் சீவி முடித்து, மங்குகளில் பால் வடிந்து சேரும் இடைவேளையில் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடிவர, கொட்டகை அருகில் அமைந்த தாய்க்கு இயன்றது. தொலைவிலுள்ள நிரையில் வேலை பெற்றவளுக்கு அதுவும் இயலவில்லை. மரத்தின் பாலை வாளியில் சேர்த்துத் தலையில் சுமந்து நடந்தவளின் மார்பில் பால் கட்டி வலித்தது. பெரட்டுக் கணக்கு எழுதிய கிராணியின் பேரேட்டில் இதற்கென ஒரு பத்தி இருக்கவில்லை.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்ததைத் தமிழாசிரியர்கள் அனைவரும் அறிவர். நம் தோட்டப் பள்ளிகளின் பிறப்பே அச்சட்டத்தோடு பிணைந்தது. ஆனால் அப்பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளில் பெண் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே வெற்றிடங்கள் மிகுந்திருந்தமைக்கு ஒரு காரணம், வீட்டில் தொங்கிய ஏணை. ஆயாக்கொட்டகைக்கு அனுப்ப மனமில்லாத தாய், எட்டு வயது மூத்தவளை நிறுத்திவைத்துக் கைக்குழந்தையை அவளிடம் ஒப்படைத்தாள். தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டே வகுப்பறை வாயிலில் நின்று பாடம் கேட்ட சிறுமிகளும் உண்டு. ஒரு தலைமுறைப் பெண்களின் கல்வி எங்கே போயிற்று என்று வினவுவோர் இந்த ஏணையையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

இனி, கடிகாரத்தின் கதைக்கு வருவோம்.

குழந்தைக்கு இத்தனை மணிக்கு ஒருமுறைதான் பால் கொடுக்க வேண்டும் என்ற விதி நம் பாட்டிமார் அறியாதது. அது மேலை நாட்டு மருத்துவர்கள் வகுத்தது. 1748-ஆம் ஆண்டில் வில்லியம் கடோகன் என்ற ஆங்கில மருத்துவர் குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இலண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக நிறுவப்பட்ட இல்லத்தின் ஆட்சியாளர் ஒருவருக்கு எழுதிய மடலாக அது அமைந்தது. குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றும் பழக்கத்தைக் கண்டித்து, தாயே தன் குழந்தைக்குப் பாலூட்ட வேண்டும் என்று வலியுறுத்திய நல்ல மனிதர் அவர். ஆயினும் ஒரு நாளில் நான்கு முறை ஊட்டினால் போதும், இரவில் ஊட்டவே வேண்டா என்றும் எழுதிவிட்டார். குழந்தை வளர்ப்பு நெடுங்காலமாகப் பெண்களின் கையில் விடப்பட்டுவிட்டதே குறைக்கெல்லாம் காரணம் என்பது அவருடைய எண்ணம்.

அமெரிக்காவில் எம்மெட் ஹோல்ட் 1894-இல் வெளியிட்ட கையேடும் நேரக் கணக்கையே போதித்தது. இவர்கள் எல்லாரையும் விஞ்சியவர் நியூசிலாந்தின் டிரூபி கிங். சீக்ளிப் என்னுமிடத்தில் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த அவர், அங்கிருந்த பண்ணையில் கன்றுகளுக்குப் பாலூட்டும் முறைகளை ஆராய்ந்தார். கன்றுகளிடம் கற்றதைக் குழந்தைகளுக்கும் பொருத்தினார். 1907-இல் அவர் தொடங்கிய பிளங்கெட் சங்கம் அந்நாடு முழுவதும் பரவிற்று. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால், இரவில் பால் இல்லை, அழுதால் தூக்கக்கூடாது என்பன அவர் முறையின் தூண்கள். தூய்மையையும் தாய்ப்பாலையும் வலியுறுத்தியதால் அவரால் விளைந்த நன்மையும் பெரிது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் பிரித்தானியப் பேரரசு எங்கும் சென்ற செவிலியர் பயிற்சியில் அவருடைய கடிகாரமும் உடன் சென்றது.

இவ்விதிகள் எங்கே தோன்றின என்பதை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். குழந்தைகள் பலராகவும் தூக்கும் கைகள் சிலவாகவும் இருந்த இடங்களுக்கே கடிகாரம் ஏற்றது. அனாதை இல்லத்துக்கும் மருத்துவமனைக் குழந்தைக் கூடத்துக்கும் அது தேவையாக இருந்திருக்கலாம். அதனை வீட்டுக்குள் கொண்டுவந்தபோதுதான் தீங்கு விளைந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் ஊட்டிய தாய்க்குச் சுரப்பு குறைந்தது. சுரப்புக் குறையவே குழந்தை மேலும் அழுதது. அழுகையைக் கேட்டவர்கள், “உனக்குப் பால் போதவில்லை” என்றனர். ஓயாமல் பால் கேட்பதே சுரப்பைப் பெருக்கும் வழி என்பது மறந்துபோய், அது தாயின் குறைக்குச் சான்றாக மாறியது.

அழும் குழந்தையை உறங்க வைக்க மருந்து தேடிய கதையும் பழையதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஆலை வேலைக்குச் சென்ற தாய்மாரின் குழந்தைகளுக்குக் ‘காட்பிரே கார்டியல்’ என்ற பாகைப் புகட்டினர். அதில் அபின் கலந்திருந்தது. குழந்தை உறங்கியது, சில குழந்தைகள் விழிக்கவேயில்லை. நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் 1851-இல் உருவாக்கிய கிரைப் வாட்டரில் அபின் இல்லை. ஆனால் சோயிக்கீரை வகைத் தைலம், சோடா உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு ஓரளவு சாராயமும் இருந்தது. தமிழர் வீடுகளில் வசம்போடும் உரை மருந்தோடும் அந்தப் புட்டிக்கும் இடம் கிடைத்தது. பிரிட்டனில் அதிலிருந்து சாராயம் நீக்கப்பட்டது 1992 அளவில்தான். நம் பாட்டிமார் பலர் அறியாமலே பேரக் குழந்தைகளுக்குச் சாராயத் துளிகளைப் புகட்டினர் என்பது வேடிக்கையும் வருத்தமும் கலந்த செய்தி.

மருந்தைவிடப் பெரிய தீங்கு தகரத்தில் வந்தது. கெய்ல் போர்டன் என்ற அமெரிக்கர் 1856-இல் கெட்டிப்பால் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுவிட்சர்லாந்தில் 1866-இல் தொடங்கப்பட்ட ஆங்கிலோ-சுவிஸ் நிறுவனம் 1905-இல் நெசுலே நிறுவனத்தோடு இணைந்தது. 1912-இல் பினாங்கில் அதன் வாணிகம் கால்கொண்டது. பசு வளர்க்க இடமற்ற நகரத்துக்கும் தோட்டத்துக்கும் டின் பால் வரமாகவே தோன்றியது. தேநீருக்கு அது நல்ல துணை. ஆனால் அதில் சர்க்கரை ஏறத்தாழ பாதி எடைக்கு நெருங்கும். கொழுப்பு நீக்கிய வகையில் உயிர்ச்சத்து ‘ஏ’, ‘டி’ ஆகியவை இல்லை. கிணற்று நீரில் கரைத்து, கழுவாத புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கும் சேரும். விலை மிகுதியாதலால் தண்ணீரைக் கூட்டிக் கலந்தோர் பலர். குழந்தை சற்றே கொழுத்துத் தோன்றும். இனிப்பினால் உறங்கவும் செய்யும். இரவெல்லாம் விழித்த தாய்க்கு அந்த உறக்கம் மருந்தாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

1936-இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். ஜமைக்காவில் 1893-இல் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். அதற்குமுன் ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் பணியாற்றியபோது, ‘குவாஷியோர்கர்’ என்ற புரதக் குறைவு நோயை மருத்துவ உலகுக்கு அறிவித்தவர். அடுத்த பிள்ளை பிறந்ததும் பால் மறக்கடிக்கப்பட்ட மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பதே அந்த ஆப்பிரிக்கச் சொல்லின் உட்பொருள். அம்மக்களின் தாய்மார் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு, அவர்கள் சொல்லையே நோய்க்குப் பெயராக்கியவர் அவர் என்பதே அவருடைய இயல்பைக் காட்டும்.

சிங்கப்பூரில் அவர் கண்ட காட்சி வேறு. செவிலியரைப் போல உடையணிந்த விற்பனைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று, பிள்ளை பெற்ற ஏழைத் தாய்மாரிடம் தாய்ப்பாலைவிட டின் பால் சிறந்தது என்று கூறிவந்தனர். நம்பிய தாய்மார் பாலூட்டுவதை நிறுத்தினர். சில நாள்கள் நிறுத்தினாலே சுரப்பு வற்றிவிடும். பின்னர் டின்னுக்குப் பணமில்லாவிட்டால் குழந்தைக்கு வேறு வழியில்லை. 1939-ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரிச் சங்கத்தில் சொற்பொழிவாற்ற அவர் அழைக்கப்பட்டார். அவர் தம் உரைக்கு வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. தவறான பால் விளம்பரத்தால் நிகழும் குழந்தைச் சாவுகளைக் கொலையென்றே கருத வேண்டும் என்று வணிகப் பெருமக்கள் நிறைந்த அவையில் அஞ்சாது கூறினார். குடியேற்ற ஆட்சியில் ஊழியம் பார்த்த ஒரு பெண், அந்நாளில் அவ்வாறு பேசியது எளிய செயலன்று.

போர் வந்தது. திரெங்கானுவில் பணியாற்றிக்கொண்டிருந்த அவர், ஜப்பானியப் படை இறங்கியதும் காடும் மலையும் கடந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 1942-இல் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். 1943 அக்டோபருக்குப் பின் சில திங்கள்கள் கெம்பெய்த்தாய்க் காவலில் கொடுமையும் அனுபவித்தார். சிறை முகாமில் உணவு குறைவு, மருந்து இல்லை, டின் பால் கிடைப்பது அரிது. அங்கே பிறந்த குழந்தைகளைப் பற்றி அவர் பின்னர் அளித்த கணக்கு மிகச் சுருக்கமானது: இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன. அரைவயிற்றுக் கஞ்சி குடித்த பெண்களின் மார்பில் சுரந்த பால் போதுமானதாக இருந்தது. அங்கே விற்பனைப் பெண்கள் வரவில்லை. அடுத்தவர் பிள்ளையை வாங்கி அணைக்கும் கைகளுக்குப் பஞ்சமும் இருந்திருக்காது. போருக்குப் பின் மலாயாவின் தாய்சேய் நலப் பணிக்குத் தலைமை ஏற்ற அவர், 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். 1992-இல் மறைந்தார்.

கடிகார முறையை அறிவியலும் கைவிடத் தொடங்கியது. 1946-இல் வெளிவந்த பெஞ்சமின் ஸ்போக்கின் நூல் தாயின் உள்ளுணர்வை நம்பச் சொன்னது. 1952-இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் இல்லிங்வொர்த்தும் அவர்தம் குழுவினரும் மகப்பேற்று மனையில் செய்த ஆய்வு, கேட்டபோதெல்லாம் பால் பெற்ற குழந்தைகள் நேரக் கணக்கில் பால் பெற்றவற்றைவிட எடை நன்கு கூடியதையும், தாய்மாருக்கு மார்புப் புண் குறைந்ததையும் காட்டியது. லயத்து வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்திருந்ததைச் சொல்ல ஆய்வுக் கட்டுரை ஒன்று வேண்டியிருந்தது. எனினும் மருத்துவமனைகளில் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிக் கூடத்தில் வைத்து, மணியடித்தால் கொண்டுவந்து தரும் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெபும் 1991-இல் தொடங்கிய இயக்கமே, தாயும் சேயும் ஒரே அறையில் இருப்பதை மருத்துவமனைகளின் கடமையாக்க முயன்றது.

வணிகத்தைக் கட்டுப்படுத்தும் முயற்சியில் நம் நாட்டுக்குத் தனிப் பங்குண்டு. 1974-இல் இலண்டனில் வெளியான ‘குழந்தைக் கொல்லி’ என்னும் சிறு வெளியீடு உலகை உலுக்கிற்று. மலேசியா 1979-இலேயே குழந்தைப் பால்மா விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. அதே ஆண்டு தோன்றிய அனைத்துலகக் குழந்தையுணவுச் செயலணியை உருவாக்கியவர்களில் பினாங்கின் அன்வார் பசால் ஒருவர். 1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை அனைத்துலக நெறிமுறையை 118 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. தாய்ப்பாலூட்டலுக்கான உலகக் கூட்டமைப்பு 1991-இல் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. டின் பால் வாணிகம் 1912-இல் கால்கொண்ட ஊர் அதுவே.

ஆயினும் நெறிமுறைகள் ஏட்டில் இருக்க, தாய்க்கு வேண்டியவை நாள்களே. மலாயாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பிள்ளைப்பேற்றுக்கு அறுபது நாள் விடுப்பு அளித்தது. அதில் முப்பது நாள் வரை பேற்றுக்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாம். முன்னரே எடுத்தவள், குழந்தைக்கு ஒரு திங்கள் நிறையும் வேளையில், அதாவது இரவுகள் மிகக் கடினமாக இருக்கும் வேளையில், மீண்டும் பெரட்டுக்கு நின்றாள். எடுக்காதவளும் மூன்றாம் திங்கள் பிறக்கும்போது நின்றாக வேண்டும். அந்த அறுபது, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் மாறவில்லை. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 சனவரி முதல் நாள் தொடங்கி 98 நாள்களாக உயர்ந்தது.

தொண்ணூற்றெட்டு நாள்கள் மூன்றாம் திங்களைக் கடந்து செல்லும். ஆனால் அதற்குள் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை தோட்டங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. இரப்பர் மரங்கள் இருந்த இடங்களில் செம்பனை வளர்ந்தது. தோட்டங்களில் இப்போது வேலை செய்வோரில் பெரும் பகுதியினர் வேலை அனுமதிச் சீட்டோடு அயல்நாட்டிலிருந்து வந்தவர்கள். அச்சீட்டில் வந்த பெண் கருவுற்றால், அனுமதியை இழந்து நாடு திரும்ப வேண்டியவளாகின்றாள்.